கள்ளிக்குப்பத்து மகிழுந்தும் அடைபட்ட வடிகட்டியும்

1

சென்ற கிழமை, தென் செருமனியில் நாங்கள் வாழும் சிற்றூரில், என் மகிழுந்தை ஈராண்டு ஆய்வுக்குக் கொண்டு சென்றிருந்தேன். பனி உறைந்து கிடந்த முற்றத்தில் ஆய்வாளர் தம் கருவியின் நீண்ட மூக்கை வண்டியின் புகைக்குழாய்க்குள் நுழைத்தார். சற்று நேரம் திரையை உற்று நோக்கினார். பின்பு, "மிகத் தூய்மை" என்று இந்நாட்டவர்க்கே உரிய சிக்கனத்தோடு சொல்லி, முத்திரையைக் கையில் எடுத்தார்.

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அவர் தலைநிமிர்ந்து பார்த்தார். அரசு முத்திரை குத்தப்பெறும் இடத்தில் இங்கே யாரும் சிரிப்பதில்லை. "இந்தியாவிலும் எனக்கு ஒரு வண்டி உண்டு, அதன் வடிகட்டி நினைவுக்கு வந்தது" என்றேன். அகவை எழுபதை நெருங்கும் ஒருவர் ஒரு வடிகட்டியை நினைத்து இவ்வளவு மகிழ்வானேன் என்று அவருக்கு விளங்கவில்லை. அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் வாழும் உங்களுக்கு விளங்கும். ஆகவே வீடு திரும்பிய கையோடு, மேலங்கியைக்கூடக் கழற்றாமல் எழுத அமர்ந்துவிட்டேன்.

2

முதலில் அந்த மகிழுந்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். கள்ளிக்குப்பத்தில் எங்களுக்கு ஓர் அடுக்ககக் குடியிருப்பு இருக்கிறது. ஆண்டுதோறும் தை பிறக்குமுன் நானும் என் மனைவி மங்கையும் அங்கே வந்து சேர்வோம்; மாசி முடிவதற்குள் திரும்புவோம். அவ்வடுக்ககத்தின் கீழ்த்தளத்தில் எங்களுடைய டீசல் மகிழுந்து உறையிட்டு நிற்கும். அஃது இருக்கும்வரை நாங்கள் கள்ளிக்குப்பத்தார். அஃது இல்லையேல், உறவினர் வீடுகளுக்கு வாடகை வண்டியில் வந்திறங்கும் விருந்தினர். இந்த வேறுபாட்டை வெளிநாட்டில் நெடுநாள் வாழ்ந்தவர் எளிதில் உணர்வர்.

செருமனியிலேயே பிறந்து வளர்ந்த என் மகனுக்கு இஃது உணர்த்த முடியாத ஒன்று. "அப்பா, வருசம் பூரா சும்மா நிக்கிற ஒரு பொருளை எதுக்கு வெச்சிருக்கீங்க? அது லாஜிக் இல்ல" என்பான். அவனுடைய தமிழ் நல்ல தமிழ்தான். ஆயினும் ஒவ்வொரு தொடரும் வேறொரு மொழியில் உடுத்திக்கொண்டு வந்து, வாயிலில் நின்று உடை மாற்றிக்கொண்டு உள்ளே நுழைவதுபோல் இருக்கும். அவன் மகளோ இன்னும் ஒரு படி தள்ளிப் போய்விட்டாள். புகைக்கரிக்குச் செருமானியச் சொல்லைக் கேட்டால் பளிச்செனச் சொல்கிறாள். தமிழில் கேட்டால் கூரையைப் பார்க்கிறாள்.

நாங்கள் இல்லாத திங்கள்களில் அந்த வண்டியைக் காத்து வருபவன் மங்கையின் தம்பி குணசேகரன். ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றில், வண்டிகள் நிறுத்தப்படும் முற்றத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். மனைவியை இழந்தவன், ஒரே மகள் நித்யாவை வாலாஜாப்பேட்டையில் மணமுடித்துக் கொடுத்துவிட்டு, எங்கள் அடுக்ககத்திலேயே மேல்தளத்தில் தனியே இருக்கிறான். அவனுடைய காலை எங்கள் மகிழுந்தின் உறையை மடிப்பதில்தான் தொடங்கும். அதை மடிக்கும் விதத்தைப் பார்க்க வேண்டும்! ஒரு சுருக்கம் இராது.

3

இவ்வாண்டு வந்திறங்கிய மறுநாள் காலை, நான் ஆவலோடு கீழிறங்கி, வண்டியின் கதவைத் திறந்து, இருக்கையில் அமர்ந்து, கையை நீட்டினேன். பிடிக்க ஒன்றும் இல்லை. செருமனி வழக்கப்படி இடப்புறம் ஏறியிருக்கிறேன்! குணா வெளியே நின்று இடுப்பில் கைவைத்துக்கொண்டு பார்த்தான்.

"இன்னா மாமா, வண்டிய யாராச்சும் ஓட்டுவாங்கன்னு குந்திகினு கீறீங்களா?"

சிரித்துக்கொண்டே இடம் மாறினேன். அவன் வண்டியின் பின்புறம் சென்று, ஒரு வெள்ளைத் துணியைப் புகைக்குழாயின் வாய்க்குள் விட்டுத் துடைத்து, என்னிடம் விரித்துக் காட்டினான். துணியில் ஒரு கீற்றுக் கருமைகூட இல்லை.

"பாத்தீங்களா? டீசல் வண்டின்னு சொன்னா எவனாச்சும் நம்புவானா? குழந்தைக்கு மூக்கு துடைக்கிற மாதிரி கீது."

அவனுக்கு அதில் அத்தனை பெருமை. எனக்கும்தான். புகைச் சான்றிதழ் வழங்கும் சாலையோரக் கடையிலும் அவ்வண்டி ஆண்டுதோறும் முதல் மாணவனாகத் தேறியிருந்தது.

நான் ஓட்ட, அவன் பக்கத்தில் அமர, மங்கை பின்னால் அமர, அம்பத்தூர் ஓ.டி.க்குக் காய்கறி வாங்கப் புறப்பட்டோம். நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து பேருந்து நிலையத்தை நெருங்குகையில், ஓட்டுநர் முன்னுள்ள எதிர்ப்பலகையில் மஞ்சள் நிறத்தில் ஒரு சிறு விளக்கு எரிந்தது: ஒரு குழாயின் படம், அதற்குள் புள்ளிகள். உடனே பொறியின் ஓசை சற்றே உயர்ந்தது. முன்புறத்து விசிறி பேரிரைச்சலோடு சுழன்றது. சூடேறிய இரும்பின் மணம் எழுந்தது.

"ஆஃப் பண்ணுங்க மாமா! ஆஃப் பண்ணுங்க!" என்று குணா கத்தினான். "எதுவோ எரிஞ்சுகினு கீது!"

நானும் பதறி நிறுத்திவிட்டேன். பின்னால் வந்தவர்கள் எல்லாம் ஒலியெழுப்பினர். ஓர் ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்து, "பெரியவரே, ஊடு கட்டப் போறியா இங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

பிற்பாடு தெரிந்துகொண்டேன்: எந்த நேரத்தில் நிறுத்தக் கூடாதோ, அந்த நேரத்தில் நிறுத்தியிருக்கிறோம்.

4

அம்பத்தூர்த் தொழிற்பேட்டைப் பக்கம் உள்ள பழுதுநீக்ககம் ஒன்றுக்கு வண்டியைக் கொண்டு சென்றோம். அங்கே பொறியாளர் ரேவதி என்னும் அம்மையார், மடிக்கணினியின் வடத்தை வண்டியில் செருகி, எண்களைப் படித்தார். பொறுமையாக விளக்கினார். அதை என் நடையில் தருகிறேன். டீசல் வண்டி வைத்திருப்போர் கூர்ந்து படிக்க.

புதிய டீசல் வண்டிகளின் புகைப்பாதையில் தேன்கூடு போன்ற பீங்கான் வடிகட்டி ஒன்று இருக்கிறது. பேச்சில் இதை டி.பி.எஃப். என்கிறார்கள். பொறி கக்கும் கரித்துகளை இஃது உள்ளேயே பிடித்து வைத்துக்கொள்கிறது. குழாயின் வாய் வெள்ளை வெளேரென்று இருப்பது இதனால்தான். கரி இல்லாமல் இல்லை, உள்ளே சிறையிருக்கிறது. நெடுஞ்சாலையில் சீராக ஓடும்போது புகை மிகச் சூடாகும். அச்சூட்டில் கரி எரிந்து, ஒரு சிட்டிகைச் சாம்பலாக ஒடுங்கும். வடிகட்டி மீண்டும் மூச்சுவிடும். சூடு போதாவிட்டால் பொறியே சற்று மிகுதியாக எரிபொருளைச் செலுத்திச் சூட்டை உயர்த்திக்கொள்ளும். அப்போதுதான் விசிறி இரையும், இரும்பு மணக்கும். அதுவே வண்டி தன்னைத் தானே தூய்மை செய்துகொள்ளும் நேரம். நடுவில் நிறுத்தினால் வேலை அரைகுறையாக நின்றுவிடும்.

கடைக்கும் பள்ளிக்கும் மட்டும் ஓடும் வண்டி, நெரிசலிலேயே வாழும் வண்டி, உரிய வகைப் பொறியெண்ணெய் இடாத வண்டி, எரிபொருளை எப்போதும் அடிமட்டத்திலேயே வைத்திருக்கும் வண்டி, எரிபொருள் தெளிப்பான் பழுதான வண்டி ஆகியவற்றின் வடிகட்டி விரைவில் அடைபடும். இவை எல்லாவற்றையும்விட மோசமான ஒன்று உண்டு. அதை அவர் சொல்லுமுன் ஒரு கேள்வி கேட்டார்.

"சார், வண்டிய எப்படி யூஸ் பண்றீங்க?"

நான் வாய் திறக்குமுன் குணா முன்னால் வந்தான். அவன் முதுகு நிமிர்ந்தது. தொழிற்சாலை முற்றத்தில் மேலதிகாரிக்கு அறிக்கை சொல்வது போல் இருந்தது.

"இவங்க வெளிநாட்ல கீறாங்கம்மா. நான்தான் பாத்துக்கறேன். டெய்லி காலைல ஸ்டார்ட் பண்ணி, பத்து பதினஞ்சு நிமிசம் நின்ன எடத்துலயே ஓட விட்ருவேன். மழையோ வெயிலோ, ஒரு நாள் விட்டது கெடையாது. எங்க ஃபாக்டரி யார்டுல அப்டித்தான். எத்தினி வண்டி நின்னாலும் காலைல எல்லாத்தையும் உசுப்பி விட்டாத்தான் டூட்டி ஆரம்பம்."

"வெளியில எடுத்து ஓட்டவே மாட்டீங்களா அங்கிள்?"

"அது எப்டிம்மா? மாமா வண்டியாச்சே!"

ரேவதி என்னைப் பார்த்தார். பின்பு அவனைப் பார்த்தார். சொல்லாமல் விடவும் முடியாது. அது அவர் தொழில்.

"அங்கிள், தப்பா எடுத்துக்காதீங்க. அந்தக் காலத்து வண்டிக்கு நீங்க செஞ்சது சரி. அதுல இந்த ஃபில்டரே கிடையாது. இந்த வண்டிய நின்ன இடத்துலயே ஓட விட்டா சூடே ஏறாது, கரி மட்டும் சேர்ந்துட்டே இருக்கும். வருசக்கணக்கா தினமும் கொஞ்சம் கொஞ்சமா நாமளே ஊட்டின மாதிரி. அதான் அடைச்சிருக்கு."

குணா தன் கையிலிருந்த வெள்ளைத் துணியை மடித்தான். நான்காக மடித்து, எட்டாக மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

நல்ல செய்தியும் இருந்தது. கரியின் அளவு மிகுதிதான், ஆயினும் எல்லை கடக்கவில்லை. "கியர ஒண்ணு குறைச்சு, நல்லா சூடேத்தி நெடுஞ்சாலைல ஒரே சீரா ஓட்டினீங்கன்னா தானா எரிஞ்சிடும். அப்பவும் லைட் அணையலைன்னா கொண்டு வாங்க, இங்க கம்ப்யூட்டர் வெச்சு எரிச்சுப் பாக்கலாம். அதுக்கும் சரிப்படலைன்னா கழட்டிக் கழுவணும், கடைசியாதான் மாத்துறது" என்றார் ரேவதி. அரைகுறையாக நின்ற எரிப்பினால் டீசல் கசிந்து கலந்திருந்ததால், பொறியெண்ணெயை மட்டும் உடனே மாற்றினார். பிறகு ஒன்று சேர்த்துச் சொன்னார்: "ஆனா ஒரு தடவை ஓட்டினா போதாது சார். வாராவாரம் யாராவது தூரமா எடுத்துட்டுப் போகணும். இல்லன்னா மறுபடி இதே கதைதான்."

வாராவாரம். யாராவது. நான் செருமனியில், மகன் விற்றுவிடச் சொல்கிறான். அந்த 'யாராவது' ஒருவனே ஒருவன்.

5

அன்று மாலை குணா எங்கள் வீட்டுக்கு வந்து, திறவுகோலை மேசைமேல் வைத்தான்.

"வேற ஆளப் பாத்துக்கோங்க மாமா. இல்லாங்காட்டி உங்க புள்ள சொன்னா மாதிரி வித்துருங்க. நான் பாத்துக்கினதெல்லாம் போதும்."

"குணா, தவறு உன்னுடையது அன்று. அக்கால முறை இக்கால வண்டிக்கு ஒவ்வாமற் போயிற்று, அவ்வளவே."

"அது சரி. ஆனா தெனம் வெசம் வெச்சது யாரு? நான்தான்." சற்று நின்று, குரலைத் தாழ்த்தி, "ஒண்ணு பண்லாம். பாடி பாலத்தாண்ட நமக்குத் தெரிஞ்ச பையன் ஒர்த்தன் ஷாப் வெச்சுக்கினு கீறான். அந்த ஃபில்டர வெட்டிக் கடாசிட்டு, வெறும் பைப்ப வெச்சு வெல்டிங் அடிச்சுருவான். சோலி முடிஞ்சுது. அப்புறம் அடைக்கறதுக்கு இன்னா கீது?"

இதைப் பலர் செய்கிறார்கள் என்று அறிவேன். வடிகட்டியை அறுத்தெறிந்தால் அதுவரை உள்ளே சிறையிருந்த நஞ்சு அத்தனையும் தெருவில் பள்ளிக்கு நடக்கும் பிள்ளைகளின் மூக்கில் ஏறும். செருமனியில் நான் கனவிலும் செய்யத் துணியாததைக் கள்ளிக்குப்பத்தில் செய்வதா? அப்படிச் செய்தால் நான் இவ்வூரை ஊராக மதிக்கவில்லை, குப்பைமேடாக மதிக்கிறேன் என்றன்றோ பொருள்? இவ்வாறெல்லாம் நான் சொல்ல, குணா கையை விரித்தான்.

"அங்க கவர்மெண்டு புடிச்சுக்கும் மாமா. இங்க யாரு பாக்கப் போறாங்க?"

"நான் பாப்பேன்" என்று சமையலறையிலிருந்து மங்கையின் குரல் வந்தது. செருமனி மருத்துவமனையில் செவிலியாக நெடுநாள் பணியாற்றியவள். இழுத்து இழுத்து மூச்சுவிடும் குழந்தைகளை நிறையப் பார்த்தவள். தோசைத் திருப்பியோடு வெளியே வந்தாள். "இன்னாடா குணா, வெட்டிக் கடாசற வேலையெல்லாம் எப்போ கத்துக்கின? நாளைக்கு எல்லாரும் நித்யா வூட்டுக்குப் போறோம். கார்ல. மாமா ஓட்டுவாரு. நீ வர்றியா இல்லியா?"

"நீங்க போங்கக்கா. நான் பூந்தமல்லில பஸ் ஏறி வந்துர்றேன்."

"கார் போற எடத்துக்கு நீ எதுக்குடா பஸ்ல வர்ற?"

"எப்பவும் அப்டித்தான் போறேன்."

அப்போதுதான் எங்களுக்குத் தெரியவந்தது. மகளைப் பார்க்கப் போகும் ஒவ்வொரு முறையும் இவன் காலையில் கீழிறங்கி, எங்கள் வண்டியை நின்ற இடத்திலேயே ஓடவிட்டு, அணைத்து, உறையிட்டு, அதன்பின் பூந்தமல்லி சென்று, கூட்டத்தில் நின்றுகொண்டே பேருந்தில் வாலாஜாவுக்குப் பயணப்பட்டிருக்கிறான். முழங்கால் வலிக்கத் தொடங்கியபின் போவதையே குறைத்துக்கொண்டான். தமிழ்ப் புத்தாண்டுக்கும் தீபாவளிக்கும் மட்டும். வண்டியைத் தாராளமாகப் பயன்படுத்திக்கொள் என்று ஆண்டுதோறும் சொல்லிவிட்டுத்தான் நாங்கள் வானூர்தி ஏறுவோம். அவன் தலையாட்டுவான். ஒரு முறைகூட வாயிற்கதவைத் தாண்டி எடுத்ததில்லை!

"எடுத்துக்கினு போயிருக்கலாமேடா" என்றாள் மங்கை.

"எப்டிக்கா? சம்மந்தி வூட்டு வாசல்ல கார்ல போயி எறங்கினா, இது யார் வண்டின்னு கேப்பாங்க. அக்கா வூட்டுக்காரர் வண்டின்னு சொல்லணும். அவரு இல்லாதப்போ இவன் ஆட்டம் போடறான்னு பேசுவாங்க. தேவையா? நித்யா பாப்பாவுக்குத்தான அசிங்கம்."

நான் அமர்ந்துவிட்டேன். செருமானியப் பொறியாளர்கள் அடைப்புக்குரிய காரணங்களை எத்தனை வரிசைப்படுத்தினாலும், இக்காரணத்தை எந்தக் கையேட்டிலும் அச்சிட்டிருக்க மாட்டார்கள். அளவு கடந்த நேர்மையால் ஒரு வடிகட்டி அடைபட்டிருக்கிறது!

6

மறுநாள் காலை, எரிபொருளை நிறைய ஊற்றிக்கொண்டு, புறப்பட்டோம். மங்கை தன் தம்பியைக் கையைப் பிடித்து இழுத்துவந்து முன்னிருக்கையில் தள்ளினாள். நான் ஓட்டினேன்.

செருமனியின் விரைவுச்சாலையில் எத்தனையோ ஆண்டுகள் ஓட்டியவன்தான் நான். ஆனால் அங்கே வலப்புறம், இங்கே இடப்புறம். அங்கே ஒலிப்பானை அழுத்துவது முகத்துக்கு நேரே வைவதற்கு ஒப்பு; இங்கே அதுதான் வணக்கம். குமணன்சாவடியில் பேருந்துகளும் ஆட்டோக்களும் தண்ணீர் வண்டிகளும் நாற்புறமும் சூழ, நான் எல்லாருக்கும் வழிவிட்டுக்கொண்டே நின்றேன். வழிவிட வழிவிட மேலும் வந்துகொண்டே இருந்தார்கள்.

"மாமா, ஹாரன் அடிங்க."

"அவர் முதலில் வந்தார், குணா."

"இன்னும் ஊர்ல கீற அல்லாரும் மொதல்ல வந்துகினுதான் இருப்பாங்க! அடிங்க மாமா! நீங்க வர்றது அவனுக்கு எப்டித் தெரியும்?"

மெல்ல அழுத்தினேன். பூனை தும்மியது போல் ஒலித்தது. குணா நெற்றியில் அடித்துக்கொண்டான்.

பூந்தமல்லி தாண்டி நெடுஞ்சாலை விரிந்தது. இங்கேதான் வேகம் வேண்டும். ரேவதி சொன்னபடி சீரான ஓட்டம் வேண்டும். நானோ ஒவ்வொரு சரக்குந்தின் பின்னாலும் தயங்கினேன். ஒரு திருப்பத்தில் பழக்கத்தால் வலப்புறமே ஒதுங்க, எதிர்த்திசையில் சாலை விதியை மீறி ஓர் இருசக்கர வண்டி நேரே வந்தது. நல்லவேளை, நிறுத்திவிட்டேன். மஞ்சள் விளக்கு எங்களைப் பார்த்து எரிந்துகொண்டே இருந்தது.

"மாமா." குணாவின் குரல் மிகவும் தணிந்திருந்தது. "ஓரமா நிறுத்துங்க."

நிறுத்தினேன்.

"எறங்குங்க. கோச்சுக்காதீங்க. நீங்க ஓட்டினா ஃபில்டர் எரியாது, என் நெஞ்சுதான் எரியும்."

பின்னால் மங்கை முந்தானையால் வாயை மூடிக்கொண்டு குலுங்கினாள். நான் இறங்கினேன், இறங்கிய வேகத்தில் எனக்கு நாணம் எதுவும் இல்லை, ஒரே கிளர்ச்சி. குணா வலப்புறம் வந்து அமர்ந்தான். இருக்கையை முன்னே இழுத்தான். கண்ணாடியைத் திருத்தினான். வண்டியை எடுத்தான் பாருங்கள்! தொழிற்சாலையில் மலைபோன்ற வண்டிகளை நகர்த்திய கைகள் அவை. சரக்குந்துகளுக்கு நடுவே நூல் கோப்பதுபோல் புகுந்து புறப்பட்டான். வணக்கம் சொல்ல வேண்டியவர்க்கெல்லாம் ஒலிப்பானால் உரக்க வணக்கம் சொன்னான்.

"கியர ஒண்ணு கொறச்சே ஓட்றேன் மாமா. அப்பத்தான் இஞ்சின் நல்லா சுத்தும், சூடு ஏறும். அந்தம்மா சொன்னாங்கல்ல?" என்றான். அவர் சொன்னபோது இவன் கேட்டுக்கொண்டிருந்தானா! துணியை மடித்துக்கொண்டிருந்ததாக அன்றோ எண்ணினேன்.

திருப்பெரும்புதூரை நெருங்கும்போது சூடேறிய இரும்பின் மணம் மெல்ல எழுந்தது. முதல்நாள் எங்களை நடுங்கவைத்த அதே மணம்.

"எரியுது!" என்று நான் கூவினேன். "குணா, எரிகிறது!"

"எரியட்டும், எரியட்டும்!"

"டேய், அதோ பாரு, நல்ல டீக்கடை. நிறுத்துடா, தொண்டை காயுது" என்றாள் மங்கை.

"நிறுத்தாதே!" என்று நாங்கள் இருவரும் ஒருசேரக் கத்தினோம். தேநீர்க்கடை பின்னால் ஓடி மறைந்தது. அடுத்த கடையும் மறைந்தது. "புருசனும் தம்பியும் சேந்து ஒரு டீக்கு வழியில்லாம பண்ணிட்டீங்களே" என்று அவள் புலம்ப, சுங்கச்சாவடியில் வரிசை நகர்ந்தபோதுகூடப் பொறியை அணைக்கவிடாமல் நான் காவல் இருந்தேன். மகிழுந்தின் எதிர்ப்பலகையை அவ்வளவு ஆர்வத்தோடு நான் என் வாழ்நாளில் நோக்கியதில்லை. காஞ்சிபுரம் பிரியும் கூட்டுச்சாலை வந்தது, போனது. ஏரிக்கரை ஒன்று வந்தது. சீரான வேகம், சீரான இரைச்சல். மூவரும் பேச்சை விட்டு, அந்தச் சிறு மஞ்சள் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அணைந்தது.

எந்த ஓசையும் இல்லாமல், யாரோ ஊதி அணைத்ததுபோல. நான் இருக்கையில் குதித்தேன். தலை கூரையில் இடித்தது. மங்கை தம்பியின் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். குணா சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஆனால் அவன் கன்னம் முழுதும் சிரிப்பு ஏறிக்கொண்டிருந்தது.

"போச்சா மாமா? நெசமாவே போச்சா?"

"போயிற்று!"

"அக்கா, இப்போ சொல்லு. எந்தக் கடைல நிறுத்தணும்?"

7

வாலாஜாப்பேட்டையில் நித்யா கதவைத் திறந்தவள், ஓட்டுநர் பக்கத்திலிருந்து தந்தை இறங்குவதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டு, "அப்பா, நீயா ஓட்டிக்கினு வந்த?" என்றாள். குணா பதில் சொல்லுமுன் அவள் மாமனார் வெளியே வந்தார். இவன் அஞ்சிய கேள்வியை எடுத்த எடுப்பிலேயே கேட்டார்.

"வாங்க சம்மந்தி! யாரு வண்டி?"

குணா என்னைப் பார்த்தான். நான் முந்திக்கொண்டேன்.

"பெயர் என்னுடையது ஐயா, வண்டி இவருடையது. கிழமைதோறும் நெடுந்தொலைவு ஓட்டாவிட்டால் இதன் வடிகட்டி அடைபட்டுவிடும். அடைபட்டால் எனக்குப் பேரிழப்பு. ஆகவே இவரை மிகவும் வேண்டிக் கேட்கிறேன். ஒவ்வொரு ஞாயிறும் எங்காவது ஓட்ட வேண்டும். இவர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை."

சொன்னது அத்தனையும் உண்மை. அவர் உடனே குணாவின் கையைப் பற்றினார். "அட, எங்காச்சும்னா இங்கதான் வாங்களேன்! சரியான தூரம். பேத்தியைப் பார்த்த மாதிரியும் ஆச்சு. வடிகட்டிக்கும் ஆச்சு." நித்யா குழந்தையைத் தந்தையின் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள், சமைக்க.

குணா ஒப்புக்கொண்டானா என்று அன்று எனக்குத் தெரியவில்லை. திரும்பும்போதும் அவனே ஓட்டினான். வீடு வந்ததும் திறவுகோலை மேசைமேல் வைக்கவில்லை. மறுநாள் காலை நான் கீழே எட்டிப் பார்த்தேன். உறை அப்படியே இருந்தது. வண்டி உறங்கிக்கொண்டிருந்தது. அவன் நாற்காலி போட்டு அமர்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தான். ஆண்டுக்கணக்கான வழக்கத்தை விட்டவனின் கை துருதுருத்துக்கொண்டுதான் இருந்தது. மங்கை மேலிருந்து, "இன்னாடா, ஸ்டார்ட் பண்ணலியா?" என்று சீண்டினாள். "அது பாவம், தூங்கட்டும்க்கா" என்றான்.

நாட்கள் ஓடின. எங்கள் பயணங்களுக்கெல்லாம் அவனே வண்டியை ஓட்டினான்; நாங்கள் போனபின் தனியே எடுப்பானா என்பதுதான் தெரியவில்லை. மகன் தொலைபேசியில், "அப்பா, விக்கிறதைப் பத்தி என்ன முடிவு பண்ணீங்க?" என்று கேட்டான். "பொறு" என்றேன். சொல்ல என்னிடம் முடிவு இல்லை. அது குணாவிடம் இருந்தது.

8

நாங்கள் புறப்படும் நாள் ஒரு ஞாயிறாக அமைந்தது. பெட்டிகளைக் கட்டி வாயிலில் வைத்துவிட்டு, நான் மேல்தளத்துக்கு ஏறிச் சென்று குணாவின் கதவைத் தட்டினேன். அவன் சலவைச் சட்டை அணிந்து, தலைக்கு எண்ணெய் தடவி, கையில் ஒரு பொம்மைப் பெட்டியோடு நின்றான்.

"குணா, வானூர்தி நிலையத்துக்கு எப்போது புறப்படலாம்?"

அவன் சற்று விழித்தான். பிறகு கழுத்தைச் சொறிந்தான்.

"மாமா, தப்பா நெனச்சுக்காதீங்க. இன்னிக்கு வண்டி கெடையாது."

"கிடையாதா?"

"ஞாயித்துக்கிழமையாச்சே. வாலாஜா போறேன். பாப்பா பிரியாணி செய்யறேன்னு சொல்லிகீது." என் முகத்தைப் பார்த்து அவசரமாகச் சேர்த்துக்கொண்டான்: "ஏர்போர்ட்டு போறதுக்கு ஒண்ணுமில்ல மாமா. ஆனா அது கிட்டக்க. வழி பூரா சிக்னலு. சூடே ஏறாது. ஃபில்டருக்குப் பத்தாது. உங்களுக்கு டாக்ஸி சொல்லி வெச்சுட்டேன், இதோ வந்துரும்."

நான் அவனைக் கட்டிக்கொண்டேன். அவன் கையிலிருந்த பொம்மைப் பெட்டி எங்கள் இருவருக்கும் நடுவே நசுங்கப் பார்த்தது. "பாத்து மாமா, பாத்து, குழந்தைக்கு வாங்கினது" என்று அதை உயர்த்திப் பிடித்தான்.

வாடகை வண்டி வந்தது. பெட்டிகளை அவனே ஏற்றினான். அக்காவின் காலைத் தொட்டு வணங்கினான். பிறகு எங்கள் வண்டி நகரும்வரைகூடக் காத்திராமல், தன் வண்டியை எடுத்துக்கொண்டு, தெருமுனையில் ஒலிப்பானால் நீளமாக ஒரு வணக்கம் சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்விட்டான்.

தொழிற்பேட்டைச் சாலையில் நாங்கள் நெரிசலில் சிக்கி நின்றபோது மங்கையின் கைப்பேசி ஒலித்தது. அழைத்தவள் நித்யா. "அத்தை, அப்பா இப்பத்தான் போன் பண்ணாரு. திருப்பெரும்புதூர் தாண்டிட்டாராம். நீங்க எங்க இருக்கீங்க?"

நாங்கள் இன்னும் பாடி மேம்பாலத்தைக்கூட எட்டவில்லை.